ஆற்றைக் கடந்த திண்டு

நம் தாத்தாவுடைய தாத்தாவுக்கே பால்பல் விழாத காலம் அது. ஓர் ஆறு, ஆற்றுக்கு இக்கரையில் ஏரிப்பாக்கம், அக்கரையில் கல்மேடு. ஏரிப்பாக்கத்தை ஒரு ராஜா ஆண்டார். கல்மேட்டை ஆண்டவருக்கும் ராஜா என்று பேர் வைத்துக்கொள்ள ஆசைதான். நாலு கூரை வீட்டையும் இருபது வெள்ளாட்டையும் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அதனால் தலைவர் என்றே சொல்லிக்கொண்டார்.

ஏரிப்பாக்கத்தில் பெருஞ்சாத்தன் என்று ஓர் எண்ணெய் வணிகன் இருந்தான். ஏரிக்கரைக்குக் கீழே பெரிய முற்றம். அதில் பத்துச் செக்கு, இருபது மாடு. அளவில் குறைக்க மாட்டான், கலப்படம் செய்ய மாட்டான். ஒரே ஒரு கோளாறு, வரி என்ற சொல்லே அவனுக்கு ஆகாது.

அந்த ஊரில் பத்துக் குடம் எண்ணெய் ஆட்டினால் ஒரு குடம் வரி. அதை விற்றுத்தான் ஏரிக்கரைக்கு மண் அடிப்பார்கள், மதகைச் செப்பனிடுவார்கள், பாதைக்குக் கல் போடுவார்கள். அந்த ஏரியில்தான் பெருஞ்சாத்தனின் மாடுகள் தண்ணீர் குடித்தன. அந்தப் பாதையில்தான் அவன் வண்டிகள் ஓடின. அதெல்லாம் அவன் கண்ணில் படவில்லை. வெளியே போகிற குடம் மட்டும் பட்டது.

அந்தக் காலத்தில் ஒரு சட்டம் உண்டு. முதலாளி சாய்ந்து உட்காரும் திண்டு எங்கே கிடக்கிறதோ அதுதான் கடை. கடை இருக்கும் ஊருக்குத்தான் வரி. ஊர் ஊராகச் சரக்கு ஏற்றிப் போகிறவர்களிடம் நாலு ஊரிலும் வரி பிடுங்கக் கூடாதே என்று நல்ல மனசோடு எழுதிய சட்டம் அது. பெருஞ்சாத்தன் அந்த ஓலையை மூன்று தரம் படித்தான். மூன்றாம் தரம் படித்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாளே திண்டைத் தூக்கிப் பரிசலில் வைத்து அக்கரைக்குப் போனான்.

கல்மேட்டுத் தலைவருக்கு வாயெல்லாம் பல். "வருஷத்துக்கு ஒரு தேங்காய், ஒரு கவுளி வெத்தலை குடுங்க, அது போதும். நம்ம ஊர்லயும் பெரிய கடை ஒண்ணு இருக்குன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்குவேன்" என்றார்.

ஒரு சின்னக் குச்சு வீட்டில் திண்டு வைக்கப்பட்டது. தூசு தட்ட ஓர் ஆள். யாராவது வந்து கேட்டால், "ஐயா இப்பத்தான் வெளிய போனாரு" என்று சொல்வது அவன் வேலை. ஆறு வருஷம் ஐயா வெளியேதான் இருந்தார்.

ஐயா எங்கே இருந்தார் என்கிறீர்களா? இக்கரையில், அதே முற்றத்தில், வெறும் பலகையில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வியாபாரம் பார்த்தார். மாதம் தவறாமல் வரி அதிகாரி வருவார்.

"இது யாரு கடை?"

"இங்க ஏதுங்க கடை? கடை கல்மேட்டுல இருக்கு."

"அப்ப இதெல்லாம்?"

"இது செக்கு, அது மாடு. நான் சும்மா பாத்துட்டுப் போக வந்தேன்."

"சும்மா வந்தவருக்கு எதுக்கு மூணு வேளையும் சோறு?" என்று அவன் மனைவி மட்டும் உள்ளே இருந்து கேட்பாள். அவளுக்கு வியாபார சூட்சுமம் தெரியாது என்று பெருஞ்சாத்தன் விட்டுவிடுவான்.

பெரிய வரி நின்றது. முதல் வருஷம் கரைக்கு மண் குறைந்தது. மூன்றாம் வருஷம் மதகில் விரிசல் விட்டது. ஐந்தாம் வருஷம் கரை அரை ஆள் உயரம் இறங்கிப்போனது. ஆறாம் வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது பாருங்கள், மூன்று நாள் விடவே இல்லை.

நாலாம் நாள் காலையில் ஏரி தளும்பி நின்றது. கரை தானாக உடைந்தால் ஊர் மொத்தமும் போய்விடும். ஏதாவது ஓர் இடத்தில் வெட்டித் தண்ணீரைத் திருப்பியாக வேண்டும். வெட்டுகிற இடத்துக்குக் கீழே இருப்பது எதுவானாலும் மிஞ்சாது.

இடத்தை முடிவு செய்வது ஏரிக் காவல்காரி கொற்றியின் வேலை. அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. கரையின் ஒவ்வொரு துண்டிலும் நின்று, கீழே இருப்பது யாருடையது என்று மூன்று தரம் கேட்க வேண்டும். என்னுடையது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அங்கே மண்வெட்டி விழக் கூடாது. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். நெசவுக்காரர் என்னுது என்றார், குயவர் என்னுது என்றார், கூழ் விற்கிற கிழவிகூடத் தன் அடுப்பைக் காட்டி என்னுது என்றாள்.

கடைசியில் எண்ணெய் முற்றத்துக்கு மேலே வந்து நின்றாள். பின்னால் ஊரே நின்றது. ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு வரி அதிகாரியும் நின்றார். செக்கு ஓட்டுகிறவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிட்டார்கள்.

"இது யாரு கடை?" என்றாள் கொற்றி.

பெருஞ்சாத்தன் வரி அதிகாரியைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான்.

"இது யாரு கடை?"

என்னுடையது என்றால் ஆறு வருஷத்து வரியையும் வைத்துவிட்டுப் போ என்பார்களே. வருஷத்துக்கு இத்தனை குடம், ஆறு வருஷத்துக்கு எத்தனை? அவன் விரல் மடக்கத் தொடங்கினான்.

"இது யாரு கடை, ஐயா?"

கணக்கு பாதியில் இருந்தது. ஆறு வருஷமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவன் நாக்கு வழவழப்பாகிவிட்டது. அது அவனைக் கேட்காமலே பேசியது.

"இங்க ஏதுங்க கடை? கடை கல்மேட்டுல இருக்கு."

கொற்றி உடனே கை காட்டவில்லை. நல்லவள், சொன்னதை மாற்றிக்கொள்ளட்டும் என்று ஒரு மூச்சு நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பெருஞ்சாத்தன் வாயைத் திறந்தான். ஓலைக்குடைப் பக்கம் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

மண்வெட்டி விழுந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் பத்துச் செக்கும் போயின, எள் மூட்டைகள் போயின, எண்ணெய்க் குடங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஆற்றை நோக்கிப் போயின. ஊர் பிழைத்தது. சொல்லிக்கொண்டிருக்கிற எனக்கே அவனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

வெள்ளம் வடிந்ததும் பெருஞ்சாத்தன் பரிசல் ஏறிக் கல்மேட்டுக்குப் போனான். தலைவர் மோர் கொடுத்து உட்கார வைத்தார்.

"நான் உங்க ஊர்க் கடைக்காரன். எல்லாம் போச்சு. நீங்கதான் கைகொடுத்துத் தூக்கி விடணும்" என்று அழுதான்.

தலைவர் பதறிப்போய்க் குச்சுக்கு ஓடினார். திண்டை மூன்று இடத்தில் அழுத்திப் பார்த்தார். புரட்டியும் பார்த்தார். நிம்மதியாகத் திரும்பி வந்தார்.

"எதுக்கு அழறீங்க? உங்க கடைக்கு ஒண்ணும் ஆகலையே. ஒரு சொட்டு நனையலைங்க."

கேட்டவர்களே, பிழைக்க வைக்கிற ஊரைத் தன் ஊர் என்று சொல்ல மறுக்கிறவனுக்கு, ஆபத்து வரும் நாளில் எந்த ஊரும் சொந்தமில்லை.