மாவில் பதிந்த பாதம்

சின்னவரோ பெரியவரோ, நடுவில் எழுந்து போகாமல் கேளுங்கள். நம் பூட்டனுக்கும் பூட்டன் பிறக்காத காலத்தில், ஒரு ராஜா பேய் பார்க்கவென்றே ஓர் ஆளை வேலைக்கு வைத்திருந்தார். ஓட்டுவதற்கு இல்லை. நிஜமா பொய்யா என்று பார்த்துச் சொல்வதற்கு. அவன் பெயர் அழிசி.

நூறு வீட்டுப் பேயைப் பார்த்தான். ஒன்று பூனை, ஒன்று காற்று, ஒன்று திருட்டு மருமகன். "எல்லாம் புரட்டு" என்று ஊர் முன்னால் போட்டு உடைப்பான். கல் நெஞ்சுக்காரன் என்று ஊர் பேசியது. ஊருக்கு என்ன தெரியும்? அவன் மனைவி வெண்ணி இறந்து ஏழு வருஷம். ஒரே ஒரு பேயாவது நிஜமாக இருந்துவிடாதா, அப்படியென்றால் அவளும் எங்கேயோ இருப்பாளே என்றுதான் அந்தப் பாவி வீடு வீடாக அலைந்தான்.

ஒரு நாள் மிளகு வணிகர் நன்னாகர் அவனைக் கூப்பிட்டார். அவர் மனைவி போய் ஒரு வருஷம். தினமும் உச்சிவேளையில் அவளுக்கு இலை போட்டுப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்காருவார். திறந்தால் சோறு குறைந்திருக்கும். அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிடுவார். "அவள் வாய் வைக்காத அன்று எனக்கும் சோறு வேண்டாம்" என்று ஒரே பிடிவாதம். வீட்டில் மகள் பூதி மட்டும்தான். அவளிடம் அவர் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிவிட்டது.

"ஊர் சிரிக்கிறது. நீயே பார்த்துச் சொல்லப்பா" என்றார்.

முதல் நாள் ஜன்னலை அடைத்தான். சோறு குறைந்தது. இரண்டாம் நாள் கதவில் அரக்கு முத்திரை வைத்தான். முத்திரை அப்படியே இருந்தது, சோறு குறைந்தது. இது நிஜப் பேய்தானோ என்று அழிசிக்கு ஆசை பிறந்தது. நூறு வீட்டிலும் நெற்குதிருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவன், இந்த அறையில் இருந்த குதிருக்குப் பின்னால் பார்க்கவில்லை. மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தரையெல்லாம் அரிசி மாவைத் தூவினான். பேய்க்குத்தான் கால் தரையில் பாவாதே! சாமி, ஒரு தடமும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே, கதவைத் திறந்து தனியாக உள்ளே போனான்.

குதிர் ஓரத்திலிருந்து இலை வரைக்கும் சின்னச் சின்னப் பாதங்கள். குதிருக்குப் பின்னால் சமையல்கட்டுக்குப் போகும் குட்டி வாசல். அங்கே பூதி நின்றாள், காலெல்லாம் மாவு.

"சொல்லிடாதீங்க ஐயா. சோறு குறையலைன்னா அப்பா பட்டினி கிடப்பார்."

அழிசி குனிந்தான். ஒரு தடவை கையால் தடவினால் தடம் போய்விடும். நன்னாகருக்கு மனைவி கிடைப்பாள். இவனுக்கும் வெண்ணி கிடைப்பாள். கை மாவு வரைக்கும் போனது. ஆனால் தடவியது தன் கைதான் என்று அவனுக்குத் தெரியுமே! அப்புறம் வெண்ணி இருக்கிறாள் என்று எப்படி நம்புவான்?

கையை இழுத்துக்கொண்டான். அழுதுகொண்டே வெளியே வந்தான்.

"ஐயா, வருவது உங்கள் மனைவி இல்லை, மகள். உங்களைச் சாப்பிட வைக்க, ஒரு வருஷமாகத் திருடி மாதிரி ஒளிந்து வந்து ஆறின சோற்றைத் தின்கிறாள்."

நன்னாகருக்குக் கோபம் வந்தது. அடிக்கப் போகிறவர் போல உள்ளே போனார். மாவில் அந்தப் பாதங்களைப் பார்த்தார். கோபம் இறங்கி, தரையிலேயே உட்கார்ந்தார்.

"பூதி, வாம்மா. அப்பாகூட உட்கார்ந்து சூடாகச் சாப்பிடு" என்றார்.

அழிசி வீட்டுக்குப் போனான். ஏழு வருஷமாகச் செய்வதுபோல வெண்ணிக்கு இலை போட்டுக் கதவைச் சாத்தினான். திறந்தான். வைத்த சோறு வைத்தபடி இருந்தது. அவளை நினைத்துக்கொண்டு அதை அவனே சாப்பிட்டான்.

ஆகையால், எது நிஜமாக இருக்க வேண்டும் என்று மனசு மிகவும் ஏங்குகிறதோ, அதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.