யாரும் ஏறாத மனு வண்டி

மருதங்கோட்டை என்று ஒரு நாடு இருந்தது. அதை ரொம்ப காலத்துக்கு முன்னால் வீரகண்டன் என்ற ராஜா ஆண்டான். ஆள் நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவனிடம் மந்திரியாக இருந்து தலை நரைத்தவர் ஆவுடையப்பர்.

அந்த நாட்டில் ஒரு மனு கொடுக்க வேண்டுமென்றால் நாலு நாள் நடந்து தலைநகருக்கு வர வேண்டும். "ஜனங்கள் ஏன் நடக்க வேண்டும்? அரசாங்கமே நடந்து போகட்டும்" என்று ஆவுடையப்பர் ஒரு யோசனை சொன்னார். நாலு காளை பூட்டிய பெரிய கூண்டு வண்டி. உள்ளே ஒரு எழுத்தரும் ராஜமுத்திரையும். ஊர் ஊராகப் போய் மனுவை வாங்கி, அங்கேயே உத்தரவு எழுதிக் கொடுத்துவிட வேண்டியது. ராஜாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. வண்டியைச் செய்யும் பொறுப்பை மட்டும் அலங்கார அதிகாரி முத்தழகரிடம் கொடுத்தான்.

முத்தழகருக்கு மந்திரியைக் கண்டாலே வயிறு எரியும். இருந்தாலும் வண்டியை ஜோராகத்தான் செய்தார். பித்தளைக் குமிழ், பட்டுத் திரை, திரும்பிய பக்கமெல்லாம் ராஜாவின் சேவல் முத்திரை. பார்த்ததும் ராஜா பூரித்துப்போய், "இன்னும் நாலு சேவல் வைக்கலாமே" என்றான்.

வண்டி சுக்காங்குளம் போய் நின்றது. ஒரு நாள் போயிற்று, பத்து நாளும் போயிற்று. ஒரு மனுகூட வரவில்லை.

"பார்த்தீர்களா பிரபு, ஜனங்களுக்குக் குறையே இல்லை. மந்திரியாருக்குத்தான் வேலை இல்லை" என்றார் முத்தழகர்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "மந்திரி, வெள்ளிக்கிழமை நானே வருகிறேன். அதுவரை ஒருத்தரும் ஏறவில்லையென்றால் வண்டி அரண்மனை அடுப்புக்கு விறகு. நீரும் ஊருக்குப் போய் மாடு மேய்க்கலாம்."

ஆவுடையப்பருக்கு வேலை போவது பெரிதாகத் தெரியவில்லை. ஏன் ஏறவில்லை என்பதுதான் மண்டையைக் குடைந்தது. அன்றே சுக்காங்குளம் புறப்பட்டார். அதிகாரிகள் ஏறுவதற்கென்று பின்னால் ஒரு ஏணி உண்டு. அதில் ஏறி உள்ளே உட்கார்ந்து, திரை இடுக்கு வழியாகப் பார்த்தார்.

ஒரு பெண் வந்தாள். இருளாயி என்று பெயர். வாசற்படிக்கு நேரே நின்றாள், குனிந்து பார்த்தாள், வந்த வழியே திரும்பிவிட்டாள். பிறகு ஒரு கிழவர் வந்தார், அவரும் அப்படியே. ஆவுடையப்பர் இறங்கி ஓடி இருளாயியை மறித்தார்.

"என்னம்மா, குறை ஒன்றும் இல்லையா?"

"இல்லாம என்னங்கய்யா? மதகைப் பூட்டி வச்சிருக்காக. ராஜா உத்தரவு இல்லாம தெறக்க மாட்டாகளாம். இன்னும் நாலு நாள் தண்ணி வரலேன்னா நெல்லு கருகிரும்."

"அப்புறம் ஏன் திரும்புகிறாய்?"

"அது நமக்கு ஒத்து வராதுங்கய்யா." சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

வண்டியின் முன்பக்கம் மண்ணில் எத்தனையோ காலடித் தடங்கள். எல்லாமே படிக்கு ஒரு முழம் தள்ளி நின்று திரும்பியிருந்தன. மந்திரியும் அந்தப் பக்கமாக ஏறுவதற்குக் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். என்ன கண்டார் என்கிறீர்களா? அதை முத்தழகரே காட்டுவார், பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ராஜா வந்து இறங்கினான். ஊரே திரண்டிருந்தது.

"பிரபு, ஜனங்களுக்குப் பழக்கமில்லை" என்றார் ஆவுடையப்பர். "வண்டியைச் செய்தவரே ஒரு தடவை முன்வாசலில் ஏறி, இந்தப் பெண்ணின் மனுவைக் கொடுத்துக் காட்டினால் கற்றுக்கொள்வார்கள்."

"இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? குழந்தைகூட ஏறும்" என்று ஓலையை வாங்கிக்கொண்டு முத்தழகர் மிடுக்காக நடந்தார். படிக்கு முன்னால் வலது காலைத் தூக்கினார், இறக்கினார். இடது காலைத் தூக்கிப் பார்த்தார். அதையும் இறக்கினார்.

"ஏனய்யா கூத்தாடுகிறீர், ஏறும்" என்றான் ராஜா.

"பிரபு, படியில் தங்கள் சேவல் முத்திரை இருக்கிறது. அதில் கால் பட்டால் இருபது கசையடி என்று தங்கள் சட்டம்."

"அதை அங்கே பதித்தது யார்?"

முத்தழகர் கையிலிருந்த ஓலையால் சேவலை மறைக்கப் பார்த்தார். ராஜா இருளாயி பக்கம் திரும்பி, "இதைச் சொல்லியிருக்கலாமே, தாயே" என்றான்.

"எப்படிச் சாமி சொல்றது? ராஜா சேவல் எங்களுக்கு எடைஞ்சலா இருக்குன்னா, அதுக்கும் அடி விழும்ல?"

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. 'இன்னும் நாலு சேவல்' என்று கேட்டவன் அவன்தானே.

"என் மேலும் தப்பு இருக்கிறது. வண்டியை அனுப்பும் முன் பின்னேணியில் ஏறிப் பார்த்தேனே தவிர, முன்பக்கம் வந்து பார்க்கவில்லை" என்றார் ஆவுடையப்பர்.

ராஜா அங்கேயே மதகைத் திறக்க உத்தரவு போட்டான். படியைப் பெயர்த்தெறியச் சொன்னான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். பிறகு முத்தழகரைப் பார்த்தான். "இன்றிலிருந்து ஒரு மாதம் உமக்கு அரண்மனைச் சாப்பாடு கிடையாது. வேளாவேளைக்கு இந்த வண்டியில், ஜனங்களோடு வரிசையில் நின்று மனு கொடுத்து வாங்கிச் சாப்பிடும்."

பசி என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள். படி போனதில் வாசல் இடுப்புயரத்தில் நின்றது; முதல் நாளே முத்தழகர் முழங்காலுயரத்தில் புதுப் படி போட்டுவிட்டார். மூன்றாம் நாள் வரிசைக்கு மேலே பந்தல் வந்தது. அந்த வாரமே, எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலே போதும் என்று ஆயிற்று, ஏனென்றால் எழுதத் தெரியாமல் முன்னால் நின்று திணறியவர்களால் முத்தழகரின் மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. எட்டு ஊர் ஜனம் வண்டியை மொய்த்தது.

மாதம் முடிந்ததும் ராஜா மறுபடி வந்தான். முத்தழகர் பாதியாக இளைத்திருந்தார். ராஜாவுக்கே பாவமாகிவிட்டது.

"தண்டனையை முடித்துவிடலாமா, தாயே?" என்று இருளாயியைக் கேட்டான்.

இருளாயி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுஞ் சாமி," என்றாள். "கூரை ஒழுகுது."