எங்கே என்று எழுதவில்லை

“எங்கேன்னு டாக்டர் எழுதாட்டா நான் என்னத்தப் போட?” என்று கேட்டாள் உலகம்மாள்.

“எழுதலைன்னு போடுங்க,” என்றாள் பியூலா.

உலகம்மாளுக்கு நாற்பத்தொன்பது வயது. அந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் இருபது வருஷமாகப் பதிவேடு எழுதிவந்தவள். பியூலாவுக்கு முப்பத்திரண்டுதான். கேஸ் ஷீட்டைப் படித்து, முதல் தாளில் நோய்க்குரிய எண்ணை எழுதும் வேலையை அங்குள்ளவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவள். வயதில் மூத்தவர்களும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவள் அளந்துதான் பேசுவாள்.

பெண்களுக்கு வரும் சதை வளர்ச்சிக்கு எண்பத்துநாலு என்று ஓர் எண். அதன் பின்னால் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின் பூஜ்யம் என்றால் சதை கர்ப்பப்பைக்கு உள்ளே இருந்தது. ஒன்று என்றால் கர்ப்பப்பை வாயில். ஒன்பது என்றால், எங்கே இருந்தது என்று யாரும் எழுதவில்லை.

ஒன்பது போட்டால் கேஸ் ஷீட்டை மூட முடியாது. ‘எங்கே?’ என்று கேட்டு மஞ்சள் சீட்டு ஒன்றைக் குத்த வேண்டும். டாக்டர் பதில் எழுதும்வரை அது மேஜையில்தான் கிடக்கும். டாக்டருக்கோ நின்று பேச நேரமிருக்காது.

உலகம்மாளின் மேஜையில் மஞ்சள் சீட்டு குவிந்தது.

“என்னக்கா, அடைகாக்கீங்களா? குஞ்சு எப்பப் பொரிக்கும்?” என்றாள் அடுத்த மேஜை ஜமீலா.

உலகம்மாளுக்குச் சுருக்கென்றது. எழுந்து டீச்சரிடம் போனாள்.

“பத்துக்கு எட்டு வாயிலதான் இருக்கு டீச்சர். நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். வாய்னு போட்டு மூடிட்டா என்ன?”

பியூலா பத்து கேஸ் ஷீட்டை எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

“அந்த மிச்சம் ரெண்டு எதுன்னு எடுங்கக்கா.”

“திறந்து பாக்காம எப்படி எடுக்க?”

பியூலா பத்தையும் அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதெல்லாம் ஒரு பதிலா என்று இருந்தது உலகம்மாளுக்கு. வாயைத் திறந்து சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

மறுநாள் மாடத்தி என்ற ஐம்பத்தேழு வயதுப் பெண்ணின் கேஸ் ஷீட் வந்தது. சதையை எடுத்து ஆய்வுக்கு அனுப்பியாயிற்று என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தார். எங்கிருந்து என்று இல்லை.

உலகம்மாள் புள்ளிக்குப் பின் ஒன்று போட்டாள். மூடினாள். மேஜையில் ஒன்று குறைந்தது. மனசும் கொஞ்சம் லேசானது.

எட்டு மாதம் போயிற்று.

மாடத்தி இரத்தப்போக்கு என்று திரும்பி வந்தாள். புதிதாக வந்திருந்த டாக்டர் முதல் தாளைப் பார்த்தார். வாயில் சதை, எடுத்தாயிற்று. அந்த இடத்தைச் சோதித்தார். சுத்தமாக இருந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

மறுபடி வந்தாள். மறுபடி மாத்திரை.

மூன்றாம் தடவை ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குள் புற்று. வெளிச்சுவர்வரை போயிருந்தது.

“திருநெல்வேலிக்கு அனுப்புறாங்க. நகல் வேணும். மக வெளிய நிக்கா,” என்று மாடத்தியின் கேஸ் ஷீட்டை உலகம்மாளின் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள் ஜமீலா.

உலகம்மாள் முதல் தாளைப் பார்த்தாள். தன் கையெழுத்து.

உள்ளே புரட்டினாள். ஆய்வு ரிப்போர்ட் இல்லை. கேஸ் ஷீட்டை மூடியபின் அதற்கு வரும் தாளை அங்கே யாரும் படிப்பதில்லை; மூடாததற்கு வந்தால்தான் படித்துச் சேர்ப்பார்கள். மாதாமாதம் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். அவள் பரணிலிருந்த கட்டுகளை இறக்கினாள். நாலாவது கட்டுக்குள் இருந்தது.

சதை கர்ப்பப்பைக்கு உள்ளிருந்து. செல்கள் சந்தேகப்படும்படி இருக்கின்றன. உடனே மறுபடி பார்க்கவும்.

தேதி, அவள் மூடியதற்கு ஒன்பதாம் நாள்.

உலகம்மாள் ஒயிட்னரை எடுத்தாள். மூடியைத் திருகக் கை வரவில்லை. எப்போது வந்து நின்றாளோ, பியூலா அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“இது வெளிய போகப் போகுது டீச்சர். அங்க உள்ளவங்க படிப்பாங்க.”

“படிக்கணும்.”

“அழிச்சிட்டுச் சரியானதைப் போட்டுருதேன். பூஜ்யம். ரிப்போர்ட்டே சொல்லுதுல்லா?”

பியூலா பேனாவை நீட்டினாள்.

“ஒரே கோடு அடிங்க. அடியில உள்ளது தெரியணும்.”

உலகம்மாள் அடித்தாள்.

“இப்பப் பூஜ்யம் போடவா?”

“அன்னைக்கு எங்கேன்னு தெரியுமாக்கா உங்களுக்கு?”

உலகம்மாள் இல்லையென்று தலையாட்டினாள்.

“அன்னைக்குத் தெரிஞ்சதை எழுதுங்க.”

உலகம்மாள் ஒன்பது போட்டாள். பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

“அடுத்த வரியில பூஜ்யம். ரிப்போர்ட் தேதி. நீங்க பாத்த தேதி.”

எழுதினாள். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம்தான் இருந்தது.

பியூலா நகல் எடுத்து வந்து அவளிடம் கொடுத்தாள்.

“நீங்க குடுத்துருங்களேன் டீச்சர்.”

பியூலா ஜன்னலைக் கைகாட்டினாள்.

ஜன்னலுக்கு வெளியே மாடத்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. கண் மூடியிருந்தது. மகள் உலகம்மாளிடமிருந்து ஜன்னல் வழியாக நகலை வாங்கி அங்கேயே நின்று பார்த்தாள். முப்பது வயது இருக்கும்.

“இங்க அடிச்சுட்டு எழுதியிருக்கே. உலகம்மாள்னா யாரு?”

“நான்தாம்மா.”

“இந்த ஒன்பதுக்கு என்ன அர்த்தம்?”

“சதை எங்க இருந்துச்சுன்னு அன்னைக்கு எனக்குத் தெரியலை. அதுதான் அர்த்தம். தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்.”

மகள் தாளிலிருந்து தலை நிமிர்த்திப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. புரியாமல்தான் கேட்டாள்.

“அன்னைக்கும் அம்மா வெளியதான உக்காந்திருந்தா. டாக்டரும் உள்ளதான இருந்தாரு. கேட்டிருக்கலாமே?”