துணைக்கு வந்தவர்களை வெளியே அனுப்பியவள்

பக்கத்தில் வந்து உட்காருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை.

தெற்கே ஒரு மருத்துவக் கல்லூரி. அங்கே மனநலப் பிரிவுக்குத் தலைவர் ஜெபமணி சார். முப்பது வருஷம் பாடம் சொன்னவர். குடும்பத்தோடு இருக்கிற மனநோயாளிதான் சீக்கிரம் தேறுகிறார் என்று ஆராய்ச்சி பண்ணி எழுதியவர். அந்தக் கட்டுரையால்தான் அவருக்குப் பேரே வந்தது. வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்கு அவர் எடுக்கிற முதல் வகுப்பும் அதுதான்.

அவருடைய மாணவி டாக்டர் பேராச்சி அதே ஆராய்ச்சியைத் திரும்பச் செய்தாள். ஆய்வேட்டைக் கொடுக்க நான்கு நாள் இருக்கும்போது அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? பேய்க்கும் நம்மகிட்ட மாத்திரை இருக்கே."

"சார், உங்களுக்கு வந்த முடிவு எனக்கு வரல."

"கூட்டல்ல தப்பு இருக்கும்."

"நாலு தடவை பார்த்துட்டேன். குடும்பத்தோட இருக்கிறவங்களும் தனியா இருக்கிறவங்களும் ஒரே மாதிரிதான் இருக்காங்க."

"என்ன கேட்ட?"

"நீங்க கேட்ட அதே கேள்விங்கதான்."

"யார்கிட்ட?"

பேராச்சி தலையைக் குனிந்தாள். "துணைக்கு வந்தவங்களை டீ குடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன் சார். நோயாளிகிட்டயே கேட்டேன்."

அந்தக் காலத்தில் சார் துணைக்கு வந்தவரைத்தான் கேட்டார். எல்லா டாக்டரும் அப்படித்தான். 'நல்லா இருக்கான், சத்தமே இல்ல' என்று அண்ணன்காரன் சொல்வான். தேறிவிட்டதாகச் சார் எழுதிக்கொள்வார். தனியாக வந்தவர் தன் கஷ்டத்தைத் தானே சொல்லி அழுவார். அவரைத் தேறாதவர் என்று சார் எழுதிக்கொள்வார்.

"ஒருத்தர் சொன்னார் சார். பதினெட்டு வருஷமா வர்றேன், என்னைப் பார்த்துக் கேட்டது நீதாம்மான்னு."

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நான் என்ன செய்யட்டும் சார்? இதை இப்படியே கொடுத்தா உங்க பேர் போயிடும். மாத்திக் கொடுத்தா எனக்குப் பட்டம் வந்துடும்."

"நாளைக்குக் காலையில முதல் வகுப்பு. அதை நீ எடு."

"எதைச் சொல்ல?"

"டீ குடிக்க அனுப்பினதைச் சொல்லு."

மறுநாள் வகுப்பு நிறைந்திருந்தது. சார் நேரே போய்ப் புதுப் பிள்ளைகள் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்துப் பையன் பதறி எழுந்தான்.

"உட்காருப்பா, பலகையை மறைக்காத" என்றார்.

பேராச்சி ஒன்றுவிடாமல் சொன்னாள். முதலில் குரல் நடுங்கியது. போகப்போகச் சரியாகிவிட்டது. ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"அப்போ சாரோட கட்டுரை தப்பா மேடம்?"

சார் தலை நிமிரவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"தப்பு" என்றாள் பேராச்சி.

வகுப்பு முடிந்ததும் பெஞ்சு பெஞ்சாகச் சுற்றிய வருகைத் தாள் அவள் கைக்கு வந்தது. ஒவ்வொரு பெயராக வாசித்தாள். கடைசிப் பெயரில் நின்றுவிட்டாள்.

"சார்…"

"சார்னா எழுதியிருக்கு? இருக்கிறதை வாசிம்மா."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஜெபமணி."

அவர் எழுந்தார். கை கட்டி நின்றார்.

"உள்ளேன், அம்மா."