வெள்ளைமேட்டுப் பூவும் அரசர் மீசையும்

வெள்ளைமேடு ஒரு சுண்ணாம்புக்கல் மலை. உச்சியில் விரலளவு மண், கட்டைப் புல், நடுநடுவே கடுகளவு ஊதாப் பூ. அந்தப் பூவைத் தவிர வேறெதிலும் தேன் குடிக்காத ஒரு நீல வண்ணத்துப்பூச்சி. அரசர் பூழிவேந்தர் ஒருநாள் அதைப் பார்த்துத் தொலைத்தார். அன்று மலைக்குச் சனி பிடித்தது.

“இதைக் காப்பாற்றியே தீர வேண்டும்” என்றார் அரசர். அமைச்சர் நீலமேகர் சும்மா இருப்பாரா? அரசர் பெயரில் ஆணை பிறப்பித்தார்: ‘அரசர் அருமையாகப் போற்றும் எதன்மீதும் பல்லோ கத்தியோ படக்கூடாது. பட்டால் சிறை.’ காலங்காலமாக அங்கே ஆடு மேய்த்த சடைச்சியைக் காவலர்கள் கீழே விரட்டினார்கள்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. சடைச்சி, அவையின் குறும்புக்காரன் சொக்கேசன் முன்னால் வந்து நின்றாள்.

“சாமி, கீழ மேய்ச்சலே இல்ல. பாதி மந்தை செத்துப்போச்சு. மிச்சத்தையும் வித்துட்டா நாங்க எங்க போறது?”

சொக்கேசன் மலையேறிப் பார்த்தான். புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. முள்புதர் மண்டிக் கிடந்தது. அடியில் பூ வெயில் காணாமல் செத்துக்கொண்டிருந்தது. உடனே இறங்கி அமைச்சரிடம் போய்ச் சொன்னான்.

“புல் அவ்வளவு வளர்ந்துவிட்டதா? பாதுகாப்பு பிரமாதம்” என்றார் அவர்.

மறுநாள் சொக்கேசன் அரண்மனை வாசலில் நாவிதரை மறித்தான்.

“சிறைக்குப் போக ஆசையா ஐயா? அரசர் தம் மீசையைவிட அருமையாக எதைப் போற்றுகிறார்?”

நாவிதர் வந்த வழியே ஓடிவிட்டார். மீசை வளர்ந்தது. பாயசத்தில் நனைந்தது. அரசியார் பக்கத்தில் உட்கார மறுத்தார். அரசர் கொதித்துப்போய்ச் சொக்கேசனைக் கூப்பிட்டார்.

“நாவிதரைத் தடுத்தது நீயா?”

“தங்கள் ஆணை தடுத்தது, அரசே. மீசையைப் பாதுகாத்து வருகிறோம்.”

“இதற்குப் பெயர் பாதுகாப்பா? எனக்கே என் வாய் எங்கே என்று தெரியவில்லை. கத்தரித்தால்தானே அது மீசை?”

“வெள்ளைமேட்டுக்கும் அதே கதிதான், அரசே. அதன் நாவிதர்களைச் சடைச்சியோடு சேர்த்து விரட்டிவிட்டோம். ஆடு கடிக்காவிட்டால் அங்கே புல்லுக்கு அடியில் பூ ஏது?”

அரசர் மீசையை விலக்கிக்கொண்டு சிரித்தார். ஆணை ரத்தானது. சடைச்சி மந்தையோடு மலையேறினாள். அடுத்த பருவத்தில் பூ தலைகாட்டியது, பூச்சியும் வந்தது. மகிழ்ந்துபோன அரசர் சொக்கேசனுக்குப் பொற்காப்பு அணிவித்தார். மந்தைக்கு மரியாதை செய்ய அமைச்சரையே அனுப்பினார்.

நீலமேகர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்ற கிடாவுக்குப் பட்டாடை போர்த்தினார். கிடா அதை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, அமைச்சரின் வேட்டியைப் பார்த்தது.