அகராதி கேட்காத பறை

தவமணி பறை ஆசான், வயது முப்பத்தொன்று. அவளிடம் கற்கும் அமுதவல்லிக்கு நாற்பது தாண்டிவிட்டது. பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறாள். இவள் அவளை ஆசான் என்பாள், அவள் இவளை டீச்சர் என்பாள். இருவரும் ஒரே சேரியில் பிறந்தவர்கள். பள்ளியில் அமுதவல்லி அதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மாலை ஆறு மணிக்குப் பள்ளி ஆண்டு விழா. மேடையில் அவள் முதன்முதலாகப் பறை அடிக்க வேண்டும். நாலு மணிக்குத் தவமணி வீட்டு வாசலுக்கு வந்து பறையைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் இன்னிக்கு அடிக்கல ஆசானே."

தவமணி வைக்கோலைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். "என்ன ஆச்சு?"

"காலையில பாடத்துல 'பரையா'ன்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை வந்துச்சு. ஒரு பொண்ணு அர்த்தம் கேட்டா. அகராதியில ஒதுக்கித் தள்ளப்பட்டவன்னு போட்டிருக்கு. யாரும் சேர்த்துக்காத நாட்டைக்கூட அப்படித்தான் சொல்றாங்க. மூலம் தமிழாம். பறை அடிக்கிறவங்களைக் குறிச்ச பேராம்."

"எழுதினது யாரு?"

"கப்பல்ல வந்தவங்க."

"அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"நம்மளத் தெருவுக்குள்ள விடாதவங்கதான்."

"பறை அடிச்சவங்களைக் கேட்டாங்களா?"

"கேக்கல."

தவமணி கீழே கிடந்த பறையை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். ஈரச் சாக்கை அடித்ததுபோல் தொப்பென்றது.

"கெட்டுப்போச்சா டீச்சர்?"

"இல்ல. இன்னும் தீயில காய்ச்சல."

தவமணி தோலைத் தீயின்மேல் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினாள். விரலால் சுண்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று ஓங்கி அடித்தாள். புளியமரத்துக் காக்கைகள் மொத்தமும் கிளம்பின. எதிர்வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு வெளியே வந்தார். அமுதவல்லியின் கால் தானாக அடவு போட்டது. கண்ணில் நீர் வந்தது, வெட்கத்தால் அல்ல.

"அதே தோல்தானே?"

"அதே தோல்தான் ஆசானே."

"அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

அமுதவல்லி தலைகுனிந்தாள். "தெரியாது, நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டேன்."

தவமணி சூடு ஆறாத பறையை அவள் தோளில் மாட்டிவிட்டாள்.

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு டீச்சர்? ஆறு மணிக்கு அவளை முதல் வரிசையில உக்காரச் சொல்லுங்க."