கரடியின் தூக்கத்தைக் கெடுத்தது யார்?

இதை எனக்குச் சொன்னவர் பக்கத்து அறைக்காரர். அவரும் யாரோ சொல்லக் கேட்டதுதான். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

ஒரு காட்டில், இலுப்பை மரத்தடிக் குகையில் ஒரு கரடி இருந்தது. அதே மரத்தின் பொந்தில் ஓர் ஆந்தை அடைகாத்துக்கொண்டிருந்தது. கரடிக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை. அதைக் காடு முழுக்கச் சொல்லித் திரிந்தது. கேட்டுக் கேட்டு மற்ற விலங்குகளுக்குக் கொட்டாவி வந்தது.

வைத்தியம் பார்க்க நரி வந்தது.

"வடக்கே தலைவைத்துப் படுக்கிறீர்களா, கரடியாரே?"

"சுருண்டு படுப்பவனுக்கு வடக்கு ஏது, தெற்கு ஏது?"

"அப்படியானால் கண்ணேறுதான்! ஒரு தேனடை கொடுங்கள், சுற்றிப் போடுகிறேன்."

நரி தேனடையைக் கரடியின் தலையைச் சுற்றி எடுத்தது. புதருக்குப் பின்னால் போய் வாயில் போட்டுக்கொண்டது. அன்றும் கரடிக்குத் தூக்கம் வரவில்லை.

"எல்லாம் அந்த ஆந்தையால்தான்!" என்றது நரி. "அலறி அலறியே உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது. விரட்டுங்கள்!"

கரடி மரத்தை உலுக்கியது.

"ஏய் ஆந்தை! இன்றைக்கே காலி செய்!"

"அண்ணே, குஞ்சு பொரிக்கும் நேரம். இப்போது எழுந்தால் முட்டை குளிர்ந்துவிடும். இன்று ராத்திரி நான் வாயே திறக்கமாட்டேன், பாருங்கள்!"

சொன்னபடியே ஆந்தை மூச்சுக்காட்டவில்லை. மறுநாள் கரடி இன்னும் சிவந்த கண்ணோடு வந்தது. நரியும் கூடவே வந்தது.

"எப்போது அலறுவாய், எப்போது அலறுவாய் என்று காத்திருந்தே விடிந்துவிட்டது! நீ அலறுவதைவிட அலறாதது மோசம்!"

"நியாயமா அண்ணே? பகல் முழுக்க நீங்கள் விடும் குறட்டையில் நானல்லவா தூங்காமல் கிடக்கிறேன்?"

"அது தூக்கமில்லை! ராத்திரி தூங்காதவன் கொஞ்சம் கண்ணயர்வது!"

கரடி மரத்தில் ஏறியது. அதன் நகம் பொந்தின் விளிம்பைத் தொட்டது. ஆந்தை முட்டைகளின் மேல் சிறகை விரித்துக்கொண்டு, கீழே நின்ற நரியைப் பார்த்துக் கேட்டது:

"நரியாரே, நான் போன பிறகும் அண்ணனுக்குத் தூக்கம் வராவிட்டால் அடுத்த பழி யார் மேல் விழும்? ராத்திரியில் இங்கே ஊளையிடுவது யார்?"

நரி பதறிக்கொண்டு மேலே பார்த்துக் கத்தியது:

"கரடியாரே, இறங்குங்கள்! ஆந்தை போய்விட்டால் உங்கள் நோய்க்குக் காரணமே இல்லாமல் போய்விடும்! காரணம் தெரியாத நோய் பொல்லாதது. கைவசம் இருக்கும் காரணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்!"

கரடி யோசித்தது. சரியென்றே பட்டது. இறங்கியது. ஏறி இறங்கிய களைப்பில், உச்சி வெயிலில், மரத்தடியிலேயே குறட்டை விட்டது.

குஞ்சுகள் பொரிந்தன, கத்தின. "பாருங்கள், இப்போது குடும்பமே சேர்ந்து என் தூக்கத்தைக் கெடுக்கிறது!" என்று கரடி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

தன் குறையைத் தன்னிடம் தேடாதவனுக்கு, குற்றம் சுமக்க ஓர் அயலான் எப்போதும் வேண்டும்.

பின்னால் விலங்குகளைப் பற்றிய ஒரு நூலில் பார்த்தேன்: நம் காட்டுக் கரடிகள் பெரும்பாலும் பகலில் உறங்கி, இரவில்தான் இரை தேடுகின்றன.